சோப்பு போட்ட ஆப்புகள்

இந்தத் துறைமுகத்தில் நிமிர்ந்து நிற்கிற பாய்மரங்களில் பாதிக்கு மேல் எங்கள் வீட்டுப் பெண் நிறுத்தியவை. சரி, பாதி என்பது கொஞ்சம் கூடுதல். கால்வாசி. அதுவும் கூடுதல் என்று யாராவது எண்ணிப் பார்க்கக் கிளம்புவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: முப்பத்தொன்று. அதில் ஒன்று போன வருஷம் விறகாகப் போய்விட்டது. அதற்கு அவள் பொறுப்பில்லை, கரையான் பொறுப்பு.

அவள் என் நாத்தனார். எங்கள் வீட்டுக்காரருக்கு நேர் தங்கை. படகுப் பட்டறையில் வேலை. பெயரைச் சொல்லி விசாரித்தால் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. 'ஆப்புக்காரம்மா' என்றால் நாய்கூட வீட்டைக் காட்டும். ஐம்பத்தெட்டு வயது, என் தோள் உயரம், முடியில் எப்போதும் இரண்டு மூன்று மரச்சுருள். குளித்துவிட்டு வந்தாலும் அந்தச் சுருள் இருக்கும். எங்கிருந்து வருகிறது என்று நான் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை.

ஆப்பு என்றால் பெரிய சமாசாரம் ஒன்றுமில்லை. ஒரு முனை தடித்து மறுமுனை தகடாக மெலிந்த மரத்துண்டு, அவ்வளவுதான். கோடாலி கழன்று வந்தால் காம்பின் தலையில் ஒன்று அடிப்பார்கள். காற்றில் கதவு படபடத்தால் அடியில் ஒன்று செருகுவார்கள். எங்கள் வீட்டில் இதுவரை நான் எண்ணியது நாற்பத்திரண்டு. ஜன்னல்களில் எட்டு, அலமாரிக்கு நான்கு, தையல் மெஷினுக்கு இரண்டு, மாடிப்படியின் கைப்பிடியில் எத்தனையோ. நான் இதை எழுதுகிற மேஜையின் காலடியிலும் ஒன்று இருக்கிறது. அதை அவள் எப்போது வைத்தாள் என்று எனக்கு நினைவில்லை. எங்கள் வீட்டில் ஆடுகிற பொருள் இரண்டுதான்: கடிகாரத்தின் பெண்டுலம், எங்கள் வீட்டுக்காரரின் கால். முதலாவதை ஆட விட்டிருக்கிறாள். இரண்டாவதற்கு அளவு எடுத்து வைத்திருக்கிறாளாம்.

நான் கல்யாணமாகி வந்த புதிதில் எதிர்வீட்டு அம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உன் நாத்தனார்கிட்ட பாத்து நடந்துக்கோம்மா. புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல வைக்கிற ஆப்புக்குப் பேருதான் நாத்தனார்" என்றாள். நானும் படித்த பெண், எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பமாட்டேன். ஒரு வாரம் காத்திருந்தேன்.

எட்டாம் நாள் பட்டப்பகலில், கூடத்தில் பதினைந்து உறவுக்காரர்கள் உட்கார்ந்திருக்கும்போது, என் நாத்தனார் கையில் சுத்தியலோடு எங்கள் அறைக்குள் போனாள். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. உள்ளேயிருந்து டொக் டொக் என்று நான்கு அடி கேட்டது. வெளியே வந்தவள் கூடத்து நடுவில் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அண்ணி, கட்டிலுக்கு நாலு காலுக்கும் ஆப்பு வச்சுட்டேன். இனிமே சத்தம் போடாது" என்றாள்.

பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் டீயைக் குடித்தார்கள். அந்த மாதம் முழுக்க நான் தெருவில் தலை நிமிரவில்லை. ஆனால் கட்டில் இன்றுவரை சத்தம் போட்டதில்லை என்பதை நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

அவள் பட்டறைக்குப் போக ஆரம்பித்தது இருபத்திரண்டாம் வயதில், தரை பெருக்க. பெருக்கியதில் துண்டு மரங்கள் நிறையக் கிடைக்கும். மற்றவர்கள் அவற்றை அடுப்புக்கு எடுத்துப் போனார்கள். இவள் ஓரமாக உட்கார்ந்து ஆப்பு செதுக்கினாள். பட்டறை மேஸ்திரி ஒருநாள் ஒன்றை எடுத்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நாளைலேர்ந்து விளக்குமாத்தை வேற யார்கிட்டயாவது கொடு" என்றார். அதோடு பெருக்குகிற வேலை போயிற்று. அதன்பிறகு இருபத்திரண்டு வருஷம் ஆப்பு செதுக்கினாள். செதுக்கினாள் என்றுதான் சொல்கிறேன். அடித்தது வேறு ஆட்கள். படகு கட்டும்போது அடியில் முட்டுக் கொடுக்க, பலகையை நெருக்கிப் பிடிக்க, கடைசியில் பாய்மரத்தை நிறுத்த, எல்லாவற்றுக்கும் இவள் ஆப்பு வேண்டும். கொட்டாப்புளி மட்டும் இவள் கைக்கு வராது. அந்தக் கனமான மரச்சுத்தியல் மேஸ்திரி கையில்தான் இருக்கும்.

அவளுக்கு அது ஒன்றுதான் ஆசை. வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு படகு இறங்குகிற நாளும் வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு ஒன்பதாவது ஆப்பை ரெண்டு அடி அதிகமா அடிச்சுட்டாரு" என்பாள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் அடித்துவிட்டதைப் போலச் சொல்வாள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் 'ஆப்பு' என்று பேசுவது அவளுக்குப் பிடிக்காது. என் சின்ன மகள் ஒருநாள் ஆபீஸிலிருந்து வந்து பையை வீசிவிட்டு, "எங்க மேனேஜர் எனக்கு நல்லா ஆப்பு வச்சுட்டாரு, அத்தை" என்றாள்.

"ஆப்பு வச்சா ஆடாம நிக்கணும்டி. நீ ஆடிக்கிட்டே வந்திருக்க. அந்தாளுக்கு வைக்கத் தெரியலன்னு சொல்லு."

எங்கள் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "விறகு பிளக்கறதுக்கும் ஆப்புதானே வைக்கறாங்க?" என்று கேட்டார்.

"அண்ணே, மரத்தோட வரிக்குள்ள வச்சா பிளக்கும். இடைவெளியில வச்சா பிடிக்கும். ரெண்டும் ஒரே துண்டுதான். உனக்கு வைக்கணும்னா எங்க வைக்கறதுன்னு அண்ணியைக் கேட்டுச் சொல்றேன்."

பேப்பர் மறுபடியும் மேலே ஏறிவிட்டது.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் மேஸ்திரிக்குத் தோள்பட்டையில் வலி வந்தது. கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. அப்போது பட்டறையில் ஒரு பெரிய பாய்மரப் படகு முடியும் நிலையில் இருந்தது. அவர் இவளைக் கூப்பிட்டார்.

"இந்த மரத்தை நீ நிறுத்தும்மா. வெள்ளோட்டம் போய்த் திரும்பறவரைக்கும் அசையலன்னா இனிமே பாய்மர வேலை உன்னோடது. அசைஞ்சுதுன்னா தப்பா நினைச்சுக்காத, அக்கரைப் பட்டறை ஆளை வரச்சொல்லிடுவேன்."

அன்று வீட்டுக்கு வந்தவள் ஒன்பதாவது, பத்தாவது என்று எதுவும் பேசவில்லை. தட்டில் போட்டதைச் சாப்பிட்டாள். இரண்டாவது முறை போட்டதையும் சாப்பிட்டாள். மூன்றாவது முறை போடும்போதுதான் நிமிர்ந்து, "போதும் அண்ணி, என்ன, யானையா வளக்குறீங்க?" என்றாள். அவளுக்கு எவ்வளவு பயம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பாய்மரம் நிற்கிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன். மரத்தின் அடி படகின் வயிற்றுக்குள் ஒரு குழியில் உட்காரும். நடுவில் மேல்தட்டில் ஒரு வட்ட ஓட்டை வழியாக மேலே வரும். அந்த ஓட்டை மரத்தைவிட இரண்டு விரற்கடை பெரிதாக இருக்கும். அந்த இடைவெளியில்தான் சுற்றிலும் பன்னிரண்டு ஆப்பு அடிக்க வேண்டும். மரமும் சுத்தமான வட்டமில்லை, ஓட்டையும் சுத்தமான வட்டமில்லை. ஆகவே பன்னிரண்டு இடத்துக்கும் பன்னிரண்டு அளவு. ஐந்தாம் இடத்துக்குச் செதுக்கியதை ஆறாம் இடத்தில் அடித்தால் மரம் ஒரு பக்கம் சாயும். அதனால் ஒவ்வொன்றின் தலையிலும் சாக்பீஸால் நம்பர் போடுவாள். உளியால் கொத்தினால் அந்த வடுவில் தண்ணீர் இறங்குமாம்.

அந்தப் பன்னிரண்டையும் ஒரே பலகையில் அறுத்து, செதுக்கி, மேஸ்திரி கூப்பிடுவதற்கு வெகு முன்பிருந்தே, ஐந்து மாதமாக எங்கள் சமையலறைப் பரணில் அடுப்புக்கு நேர் மேலே காயப் போட்டிருந்தாள். ஈரமான ஆப்பு அடித்தால் பிறகு காய்ந்து சுருங்கிக் கழன்றுவிடும். எலும்பு மாதிரிக் காய்ந்ததை அடித்தால் கடல் ஈரத்தில் உப்பி மரத்தைக் கவ்விக்கொள்ளும்.

மரம் நிறுத்துகிற நாள் காலையில் ஆப்புகள் இருந்த பையைப் பரணிலிருந்து இறக்கி என் கட்டிலின் மேல் வைத்துவிட்டு, "மத்தியானம் வந்து எடுத்துக்கறேன் அண்ணி" என்று சொல்லிப் பட்டறைக்கு ஓடினாள். அன்றைக்குத்தான் துவைத்து விரித்த வெள்ளைப் படுக்கை விரிப்பு. ஐந்து மாத அடுப்புப் புகை குடித்த பை. நான் பையைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு துண்டும் அட்டைக்கரி.

இங்கே என் பக்கத்து நியாயத்தை நீங்கள் கேட்க வேண்டும். முதன்முதலாக ஒரு பெண் பாய்மரம் நிறுத்தப் போகிறாள். ஊரே பார்க்க வரும். அவள் கையில் கரி பிடித்த கட்டைகளைக் கொடுத்தனுப்பினால் யாருக்குக் கேவலம்? அண்ணிக்காரிக்குத்தானே. நான் நல்ல வாசனை சோப்பாகப் பார்த்து எடுத்து, ஒவ்வொன்றையும் தேய்த்துக் கழுவி, மொட்டை மாடிச் சுவரில் வரிசையாக வைத்தேன். பிறந்த குழந்தைகள் மாதிரி இருந்தன.

ஒரு மணிக்கு அவள் வந்தாள். மாடிக்குப் போனாள். நான் பெருமையோடு பின்னாலேயே போய், "எப்படி?" என்றேன்.

"அண்ணி... நம்பர் எங்க?"

"எந்த நம்பர்?"

"சாக்பீஸ்ல போட்டிருந்தேனே."

"அழுக்கோட அழுக்கா போயிருக்கும்மா."

அவள் ஒன்றை எடுத்து மோந்து பார்த்தாள். "சோப்பு போட்டீங்களா?"

"பின்னே, வெறும் தண்ணியிலயா?"

கீழேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக்காரர் மேலே வந்து பார்த்துவிட்டு, "ஆப்புக்காரிக்கே ஆப்பு வச்சுட்டியே!" என்றார். அந்த வார்த்தைக்கு அன்று சிரிக்க ஆளில்லை. மூன்று மணிக்கு மரம் தூக்குகிறார்கள். புதிதாகப் பன்னிரண்டு செதுக்கிக் காயவைக்க இன்னும் ஐந்து மாதம் வேண்டும்.

"சத்தம் போடும்மா" என்றேன். "திட்டித் தொலை. இப்படி நிக்காத."

"திட்டினா காயுமா அண்ணி?" என்று கேட்டுவிட்டு, ஆப்புகளை முந்தானையில் அள்ளிக்கொண்டு கீழே போனாள்.

கூடத்துத் தரையில் உட்கார்ந்து அவற்றைப் பரப்பினாள். ஒன்றின் தடித்த முனைக்குப் பக்கத்தில் அடுத்ததன் மெலிந்த முனை வருகிற மாதிரி, தலைகீழாக மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே போனாள். அவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்று தோன்றியது. நான்கைந்து வைத்ததும்தான் பார்த்தேன். ஒரே பலகையில் அறுத்தவை அல்லவா, மரத்தின் வரி ஒன்றிலிருந்து அடுத்ததற்குள் ஓடியது. ஓடாவிட்டால் எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தாள். ஒரு வரி வளைந்து போய் ஒரு கணுவைச் சுற்றி மறுபடி நேராகியது. கரி போய்ச் சுத்தமாக இருந்ததால்தான் வரி அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன். கால் மணி நேரத்தில் பன்னிரண்டும் சேர்ந்து ஒரே பலகையாகிவிட்டது. இடையில் ஒரு கோடுகூட அறுபடவில்லை. ஆற்றை மேலிருந்து பார்த்த மாதிரி இருந்தது. நான் என் கண்ணால் பார்த்தேன்.

நடுவில் ஒருதரம் மட்டும் நிறுத்தி, என்னைப் பார்த்து, "பையில இருந்தது இவ்வளவுதானா அண்ணி?" என்று கேட்டாள்.

"இவ்வளவுதான். நான் என்ன தின்னுட்டேனா?"

"சரி" என்றாள்.

ஓர் ஓரத்திலிருந்து வரிசையாக நம்பர் போட்டாள். அறுத்த வரிசைதான் மரத்தைச் சுற்றி நிற்கிற வரிசையும். அடுத்தது சோப்பு. சோப்பு பட்ட ஆப்பு வழுக்கும், எவ்வளவு சுகமாக உள்ளே போகிறதோ அவ்வளவு சுகமாக வெளியே வந்துவிடும் என்றாள். எங்கள் வீட்டுக்காரரைப் பட்டறைக்கு விரட்டி ஒரு மூட்டை காய்ந்த மரத்தூள் கொண்டுவரச் செய்தாள். முதலில் ஈரத்துணியால் துடைப்பது, பிறகு மரத்தூளைப் போட்டுத் தேய்ப்பது, பிறகு மூட்டைக்குள்ளேயே புதைத்து வைப்பது. ஈரத்தை மரத்தூள் உறிஞ்சிவிடுமாம். நானும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து தேய்த்தோம். கட்டைக்குப் பவுடர் போட்டு விட்ட தம்பதி உலகத்தில் நாங்கள் மட்டும்தான் இருப்போம்.

"மேலதான் ஈரம். உள்ள போகல" என்று அவள் ஒன்றைத் தட்டிப் பார்த்துச் சொன்னாள். "நல்லவேளை, ஊறவைக்காம விட்டீங்க."

ஊறவைக்க வாளியை எடுத்தது பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

மூட்டையை நானே தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். மரத்தைத் தூக்கக் கப்பியும் கயிறும் கட்டி எட்டுப் பேர் தயாராக நின்றார்கள். அவள் நேராகப் படகுக்குப் போகவில்லை. பழைய துண்டு மரங்கள் கிடக்கிற மூலைக்குப் போய், எதையோ தேடி எடுத்து, முதுகைக் காட்டிக்கொண்டு உளியோடு உட்கார்ந்தாள். இருபது நிமிஷம் ஏதோ செதுக்கினாள். பதற்றத்துக்குக் கையில் ஏதாவது வேலை வேண்டும்தானே என்று நினைத்து நான் தொந்தரவு செய்யவில்லை. எட்டுப் பேரில் ஒருவன் மட்டும், "அக்கா, மரம் நிறுத்தப் போறீங்களா, பல் குத்தக் குச்சி சீவுறீங்களா?" என்றான்.

"உன் வாய்க்குத்தான் அளவு பாக்கறேன். பெருசா வேணும்போல இருக்கு."

மரம் ஏறியது. மேல்தட்டு ஓட்டையில் இறங்கி, அடிக்குழியில் தொம் என்று உட்கார்ந்தது. அவள் கொட்டாப்புளியை எடுத்தாள். முதலில் முன்பக்கம் ஒன்று, அதற்கு நேர் எதிரே பின்பக்கம் ஒன்று. இடது, அதற்கு எதிரே வலது. ஒன்றையும் முழுசாக அடிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு அடி, சுற்றி வந்து மறுபடி இரண்டு அடி. அடிக்க அடிக்கச் சத்தம் மாறியது. தகரத்தைத் தட்டின மாதிரி இருந்தது, போகப் போகப் பாறையைத் தட்டின மாதிரி ஆயிற்று. அவள் நிறுத்தினாள்.

மேஸ்திரி வந்து பாய்மரத்தில் காதை வைத்தார். உள்ளங்கையால் தட்டினார். பிறகு மூக்கைச் சுருக்கினார்.

"என்னம்மா, பாய்மரம் குளிச்சுட்டு வந்த மாதிரி மணக்குது?"

"எங்க அண்ணி சுத்தமானவங்க" என்றாள் அவள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

அவர் குனிந்து சாக்பீஸால் ஆப்புகளின் தலைகளைத் தொட்டுக்கொண்டு சுற்றிலும் ஒரு வட்டம் போட்டார். அதன் குறுக்கே மரத்திலிருந்து தட்டுவரை பன்னிரண்டு கோடு. ஏதாவது ஓர் ஆப்பு நூலளவு நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். "நாளைக்கு இதைப் பாப்போம்" என்றார்.

மறுநாள் காலை வெள்ளோட்டம். நான் கரையில் நின்றேன். காற்று என்றால் அப்படி ஒரு காற்று. என் குடை அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. (அடுத்த தெருவுக்கு.) படகு பாயை விரித்துக்கொண்டு ஒரு பக்கம் சரிந்து போவதைப் பார்த்தபோது, அந்த மரம் அப்படியே முறிந்து விழுந்தால் காரணம் வாசனை சோப்பு என்று ஊர் என்னைச் சொல்லும் என்பதைவிட, இருபத்திரண்டு வருஷமாக மற்றவர்கள் அடித்ததைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பை நான் கழுவி ஊற்றிவிட்டேனே என்பதுதான் பெரிதாகத் தெரிந்தது. இரண்டு மணி நேரம் அவள் மரத்தடியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாளாம். கடலைப் பார்க்கவில்லை. கோட்டைப் பார்த்துக்கொண்டே போய், கோட்டைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

படகு கரை சேர்ந்ததும் நான் புடவையை நனைத்துக்கொண்டு ஓடினேன். மேஸ்திரி குனிந்து சுற்றிலும் பார்த்தார். ஒரு தரம், இன்னொரு தரம். பன்னிரண்டு கோடும் போட்டது போட்டபடி இருந்தது. ஒரே ஓர் ஆப்பின் தலையை மட்டும் கட்டை விரலால் கொஞ்ச நேரம் தடவினார். அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். பிறகு கொட்டாப்புளியை எடுத்து அவள் பக்கம் தள்ளி, "எனக்குத் தோள் வலிக்குது. இனிமே இதை நீயே தூக்கிட்டு வா" என்றார்.

அன்றிலிருந்து முப்பத்தொரு பாய்மரம். ஆப்புகள் இப்போதும் எங்கள் பரணில்தான் காய்கின்றன. ஆனால் பையை என் கைக்கு எட்டாத உயரத்தில் ஆணியடித்து மாட்டுகிறாள். அந்த ஆணிக்கும் ஓர் ஆப்பு வைத்திருக்கிறாள்.

இவ்வளவும் எழுதி முடித்து, அவள் வேலையிலிருந்து வந்ததும் உட்கார வைத்துச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். முடியில் இன்று மூன்று சுருள். கட்டில் கதைக்குச் சிரித்தாள். யானைக்குச் சிரித்தாள். படித்து முடித்ததும் நான், "ஏதாவது மிகையா இருக்கா?" என்று கேட்டேன்.

"குடை போனது அடுத்த தெருவுக்குக்கூட இல்ல, பக்கத்துலதான் விழுந்துச்சு. அதை விடுங்க. பன்னிரண்டும் சேர்ந்துச்சுன்னு எழுதியிருக்கீங்களே, அது சேரல அண்ணி. பதினொண்ணுதான் இருந்துச்சு. நடுவுல ஒரு வரி அப்படியே அறுந்து நின்னுச்சு. அதனாலதான் பையில இவ்வளவுதானான்னு கேட்டேன். பட்டறையில உக்காந்து செதுக்கினது பதற்றத்துக்கு இல்ல, அந்த ஒண்ணுக்காக. மேஸ்திரி தடவிப் பாத்ததும் அதைத்தான்."

"அப்ப அந்தப் பன்னிரண்டாவது எங்க போச்சு?"

"இந்த மேஜைக்கு நான் ஆப்பு வச்சதே இல்ல அண்ணி. அன்னிக்குக் காலைல பையைத் திறந்ததும் நீங்கதான் ஒண்ணை எடுத்து வச்சிருக்கீங்க. குனிஞ்சு பாருங்க, அதைக் கழுவ உங்களுக்கு மறந்துபோச்சு. கரியோட, ஏழுன்னு நான் போட்ட நம்பர் இன்னும் அப்படியே இருக்கும்."